தண்ணீரும் தீப்பொறியும்: கார் எஞ்சின் 'மிஸ்ஸிங்' வரலாறு

மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டைக் கடந்து வந்த கார், அதன் பிறகு திக்கித் திக்கி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மெக்கானிக்குகள் இதை "மிஸ்ஸிங்" என்பார்கள். நான்கு சிலிண்டரில் ஒன்றோ இரண்டோ சரியாக எரியவில்லை என்று அர்த்தம். இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க மனிதர்கள் என்னவெல்லாம் செய்தார்கள் என்று பார்ப்போமா?

முதலில் காரணம். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்ற வைப்பது ஸ்பார்க் பிளக். அதன் சிறிய இடைவெளியில் தீப்பொறி தாண்ட சுமார் 20,000 வோல்ட் வரை தேவைப்படும். அழுக்கு கலந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். ஒயர் மேல் ஈரம் படிந்தால் மின்சாரம் பிளக் வரை போகாமல் குறுக்கு வழியில் எஞ்சின் உடம்பிலேயே இறங்கிவிடும். ஆக, தண்ணீர் நெருப்பை அணைப்பதில்லை, வழியிலேயே திருடிவிடுகிறது!

டிஸ்ட்ரிபியூட்டர் காலம்

அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் முறை 1910 மாடல் கேடிலாக் கார்களில் வந்தது. பிறகு பல பத்தாண்டுகள், ஒரே காயிலில் இருந்து வரும் மின்சாரத்தை டிஸ்ட்ரிபியூட்டர் என்ற கருவி ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. ஈரம் தாக்குவதற்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை.

இதற்குப் பேர் போன கார், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959-ல் இங்கிலாந்தின் பி.எம்.சி. வெளியிட்ட மினி. அதன் முன்மாதிரிகளில் கார்பரேட்டர் முன்பக்கம் இருந்தது. குளிரில் அதில் பனி உறைகிறது என்று காரணம் சொல்லி எஞ்சினையே திருப்பி வைத்தார்கள். விளைவு? டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னால் வந்து மழையை நேராக வாங்கிக்கொண்டது! மினி வைத்திருந்தவர்கள் ஒரு வேடிக்கையான வைத்தியம் செய்தார்கள். ரப்பர் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி, ஒயர்களை அதன் வழியே விட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மேல் மாட்டினார்கள். பிளக் ஒயர் நான்கு, காயில் ஒயர் ஒன்று. விரல்களும் ஐந்து!

அன்று கோளாறைத் தேடியது கண்ணும் காதும்தான். இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓட விட்டால், மின்சாரம் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். துணியால் துடைத்துக் காயவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளே மெல்லிய கறுப்புக் கோடு விழுந்திருந்தால் மட்டும் துடைத்துப் பயனில்லை. அது கரிக்கோடு, காய்ந்த பிறகும் மின்சாரத்தைக் கடத்தும். மூடியை மாற்றத்தான் வேண்டும். ஈரத்தை விரட்ட கேரேஜ்களில் அடிக்கும் டபிள்யூ.டி.-40 கூட 1953-ல் அமெரிக்காவில் பிறந்தது கார்களுக்காக அல்ல. அட்லஸ் ஏவுகணை துருப்பிடிக்காமல் இருப்பதற்காக!

கம்ப்யூட்டர் காலம்

பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மறைந்து, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் வந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஓ.பி.டி.-2 கட்டாயமானது. இது மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிக்கும் விதம் அழகானது. ஒவ்வொரு முறை சிலிண்டர் எரியும்போதும் கிராங்க் ஷாஃப்ட் கொஞ்சம் வேகமெடுக்கும். எரியாத முறை வேகம் குறையும். அந்த நுண்ணிய தயக்கத்தை சென்சார் பிடித்துவிடும். பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர். பி0300 என்றால் அங்கும் இங்குமாகப் பல சிலிண்டர்கள்.

ஆனால் கோட் சொல்வது எந்த சிலிண்டர் என்பதை மட்டுமே. ஏன் என்று சொல்லாது. அதற்குப் பழைய மூளைதான் வேண்டும். இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுங்கள். கோட் பி0303 ஆக மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் பிளக்கையும், பிளக் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். காற்றைப் போலத் தண்ணீரை அழுத்த முடியாது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மிஸ்ஸிங் துணியோடு தீரும் கோளாறு. இது எஞ்சினையே இறக்க வைக்கும் செலவு. இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் முதல் டயக்னோசிஸ்!