கைப்பிடி போன பிறகும்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவு வடக்கே போகப் போக மேடாகிறது. அந்த மேட்டின் மேல் இருக்கிறது வாஷிங்டன் ஹைட்ஸ். அடியில் முழுக்கக் கடும்பாறை. நகரின் தெற்குப் பகுதியில் சுரங்க ரயிலுக்காகத் தெருவைத் தோண்டி, தண்டவாளம் போட்டு, மேலே மூடிவிட்டார்கள். இங்கே பாறையைக் குடைய வேண்டியிருந்தது. 1903 அக்டோபரில் ஃபோர்ட் ஜார்ஜ் சுரங்கத்தில் பாறை சரிந்து 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பாதையில் 168, 181-ஆம் தெரு நிலையங்கள் 1906-லும், 191-ஆம் தெரு நிலையம் 1911-லும் திறந்தன. இந்த 191-ஆம் தெரு நிலையம் தரைக்கு ஏறத்தாழ 173 அடி கீழே இருக்கிறது. நகரில் இதைவிட ஆழமான நிலையம் இல்லை. 1932-ல் வந்த இன்னொரு தடத்திலும் 181, 190-ஆம் தெருக்களில் இதே நிலைமைதான். ஆக ஐந்து நிலையங்களுக்கு லிஃப்ட்தான் முக்கிய வாசல். ஒவ்வொரு லிஃப்டிலும் ஓர் ஆள் நின்றார்.

அன்று அவர் இல்லாமல் லிஃப்ட் நகராது. கைப்பிடியைத் திருப்பினால் பெட்டி இறங்கும். சரியான நொடியில் விட்டால் நிற்கும். ஒரு கணம் பிந்தினால் பெட்டியின் தரை நடைமேடைக்கு நாலு விரற்கடை கீழே போய் நிற்கும். கால் தடுக்கி யாரும் விழாமலிருக்க மெல்ல மேலே ஏற்றிச் சமன் செய்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். பழகிய கைக்குத்தான் அது வரும். அந்தக் கையின் பலம் 1945 செப்டம்பரில் ஊருக்கே தெரிந்தது: அலுவலகக் கட்டடங்களின் லிஃப்ட் ஆபரேட்டர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நியூயார்க்கின் வணிகமே முடங்கியது. அதன் பிறகு கட்டட உரிமையாளர்கள் பொத்தான் லிஃப்டுக்கு விரைந்து மாறினார்கள். கட்டடங்களில் அந்தத் தொழில் ஏறக்குறைய அழிந்தே போனது. சுரங்க ரயில் நிலையங்களிலும் பிறகு லிஃப்டுகள் தானியங்கி ஆயின. ஆனால் இந்த ஐந்து நிலையங்களில் மட்டும் ஆள் போகவில்லை. கைப்பிடி போன பின்னும் மூலையில் ஓர் இருக்கையும் அதில் ஒரு மனிதரும் இருந்தார்கள்.

இதை வீண் செலவு என்று போக்குவரத்து ஆணையம் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறது. 2004-ல் எல்லோரையும் எடுத்துவிட முனைந்தது. பயணிகள் எதிர்க்கவே, நிலையத்துக்கு ஒருவரை விட்டுவைத்தது. அதிலேயே ஆண்டுக்கு 12 லட்சம் டாலர் மிச்சம். மீதியிருந்தவர்களையும் எடுத்தால் 17 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று 2007 நவம்பரில் கணக்குக் காட்டியது, டிசம்பரிலேயே பின்வாங்கியது. 2018-ல் மறுபடியும் அதே முயற்சி, அதே பின்வாங்கல். 2023-ல் இவர்களைத் துப்புரவுப் பணிக்கு மாற்றும் யோசனை வந்தது. ஒரு பொத்தானை அமுக்குவதற்குச் சம்பளமா என்ற கேள்வி மேலோட்டமாக நியாயமானதுதான். ஆனால் அந்தக் கேள்வி, கைப்பிடியைத் திருப்புவது மட்டுமே இவர்களின் வேலையாக இருந்தது என்று எண்ணிக்கொள்கிறது. அந்த வேலைக்குள் இன்னொரு வேலை முதலிலிருந்தே ஒளிந்திருந்தது என்பது என் முடிவு. மண்ணுக்கடியில், மூடிய பெட்டிக்குள், முன்பின் தெரியாதவர்களோடு ஏறி இறங்குபவருக்குத் துணையாக இருப்பது. கைப்பிடி இருந்தவரை அது தனியாகக் கண்ணில் படவில்லை, அதற்கென்று தனிச் சம்பளமும் கேட்கப்படவில்லை. இயந்திரம் முதல் வேலையை எடுத்துக்கொண்டதும் இரண்டாவது வேலை வெளியே தெரிந்தது, கணக்குப் பார்ப்பவருக்கு உடனே மிகையாகவும் பட்டது.

கேமரா போதாதா என்பார்கள். கேமரா நடந்ததைப் பதியும், ஓடிவந்து தாங்காது. 2007 திட்டம் பேசப்பட்ட நாட்களில் ஊழியர்களும் பயணிகளும் எடுத்துக்காட்டியது ஒரு சம்பவத்தைத்தான்: 181-ஆம் தெருவில் கத்திக்குத்துப் பட்ட ஒரு பயணியின் உயிரைக் காப்பாற்ற உதவியவர் லிஃப்ட் ஆபரேட்டர். இதெல்லாம் தொழிற்சங்கத்தின் பிடிவாதம் என்ற வாதமும் உண்டு. 2018-ல் சங்கம் முன்னே நின்றது உண்மை. ஆனால் 2004-லும் 2007-லும் குரல் எழுப்பியவர்களில் அங்கே குடியிருப்பவர்கள் இருந்தார்கள், அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருந்தார்கள். சங்கத்தின் நலனும் பயணியின் நலனும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் இரண்டில் ஒன்று பொய்யாகிவிடாது.

இவற்றைவிடக் கடினமான எதிர்வாதம் புரூக்ளினிலிருந்து வருகிறது. கிளார்க் தெரு நிலையத்துக்கும் லிஃப்ட்தான் வழி, அங்கே ஆபரேட்டர் இல்லை. அங்கே மக்கள் சமாளிக்கவில்லையா? சமாளிக்கிறார்கள். ஆனால் ஒரு வசதி ஓரிடத்தில் இல்லை என்பதைக் காட்டி இன்னோரிடத்திலும் அதைப் பறிக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? உண்மையில் கிளார்க் தெரு காட்டுவது வேறு. லிஃப்டுகளை மாற்றுவதற்காக 2021 நவம்பரில் அந்த நிலையத்தை மூடியவர்கள் 2022 மே மாதம்தான் திறந்தார்கள். 168-ஆம் தெருவில் 2019-ல் அதே வேலை நடந்தபோது ஏறத்தாழ ஒரு வருடம் 1-ஆம் எண் ரயில் அங்கே நிற்கவே இல்லை. லிஃப்ட் நின்றால் நிலையமே இல்லை என்ற இடத்தில் அந்தப் பெட்டியும் பொதுத் தெருவின் ஒரு பகுதிதான். தெருவுக்கு வேண்டிய காவல் அதற்கும் வேண்டும்.

2004-க்குப் பிறகு ஒரு நிலையத்தில் எத்தனை லிஃப்ட் இருந்தாலும் ஆள் இருந்தது ஒன்றில்தான். மற்ற லிஃப்ட் முன்னால் வந்து கதவைத் திறந்தாலும் ஏறாமல், அந்த ஒன்றுக்காகவே காத்து நின்ற பயணிகள் அங்கே இருந்தார்கள்.