மோதிரம் போட்ட எலும்பு

1895-ஆம் வருஷம் டிஸம்பர் 22-ந் தேதி, ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரத்தில், பேராசிரியர் ராண்ட்ஜன் தம் மனைவி ஆன்னா பெர்த்தாவின் கையைப் புகைப்படத் தகட்டின்மேல் வைக்கச் செய்தார். தாம் புதிதாகக் கண்ட கதிர்களைக் கால் மணி நேரம் அதன்மீது பாய்ச்சினார். தகட்டைக் கழுவியதும் எலும்புகள் தெரிந்தன. விரலில் மோதிரமும் தெரிந்தது. தம் சாவையே கண்டதுபோல் அந்த அம்மாள் நடுங்கிப்போனார் என்று சொல்வார்கள்.

1896 ஜனவரி முதல் தேதி, ராண்ட்ஜன் படத்தின் பிரதிகளை விஞ்ஞானி நண்பர்களுக்குத் தபாலில் அனுப்பினார். ஐந்தாம் தேதி வியன்னாப் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது. சில வாரங்களில் அது உலகமெங்கும் பரவிவிட்டது. ராண்ட்ஜன் தம் கண்டுபிடிப்புக்குப் பேடண்ட் வாங்கவில்லை. 1901-ல் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தையும் சர்வகலாசாலைக்கே கொடுத்துவிட்டார். பெரிய மனசுதான். ஆனால் அவர் தானம் செய்தது தம் கதிரை; ஊர் சுற்றியதோ மனைவியின் கை!

எக்ஸ்ரே படம் யாருக்குச் சொந்தம்? தேசத்துக்கு ஒரு பதில் கிடைக்கிறது. நமது 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தைக் கலைப்படைப்பு என்கிறது; அழகு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. புகைப்படத்தை ஒத்த முறையில் உண்டாவதும் அதில் சேர்த்தி. எடுத்தவரே அதற்கு ஆசிரியர். அவர் சம்பளத்துக்கு எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை முதலாளிக்கு. எக்ஸ்ரேயும் இந்தக் கணக்கில் வரும் என்று வக்கீல் வாதாடலாம். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமோ 2014-ல் வெளியிட்ட கைநூலில், மனிதக் கற்பனை கலவாத யந்திர வேலை என்று எக்ஸ்ரேயை ஒதுக்கிவிட்டது.

ஒரு சட்டம் படம் எடுத்தவரைப் பார்க்கிறது. இன்னொன்று யந்திரத்தைப் பார்க்கிறது. எலும்புக்கு உடையவரை இரண்டுமே பார்க்கவில்லை. நோயாளியின் ரகசியம் காப்பது வைத்தியரின் தர்மம் என்பது உண்மையே. ஆனால் அது வேறு ஏட்டில் இருக்கிறது.

எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. என் கதை என் மூளையில் பிறந்ததால் என்னுடையது. என் விலா எலும்பு என்னோடேயே பிறந்தது. அதன் படம் மாத்திரம் என்னுடையதல்ல!

இன்று கைபேசியில் ஒரு விநோதமான எலும்பு முறிவு நொடியில் நூறு பேரிடம் போகிறது. "பெயரைத்தான் அழித்துவிட்டோமே" என்பார்கள். ஆன்னா பெர்த்தாவின் படத்திலும் பெயர் இல்லை, முகம் இல்லை. மோதிரம் இருந்தது. பதிப்புரிமை யாருக்கு இருந்தாலும் இருக்கட்டும். அனுப்புவதற்கு முன்னால் எலும்புக்காரரை ஒரு வார்த்தை கேட்பதற்குச் சட்டம் எதற்கு?