அலைக்கு அந்தப் பக்கம்

காரைக்காலில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்தவள் நான். எனக்கு நீந்தத் தெரியாது. இதை வெளியூரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்கள் குப்பத்தில் சொன்னால் இதில் சொல்ல என்ன இருக்கிறது என்பார்கள். அண்ணன்மார் இருவரையும் எட்டு வயதில் அப்பா கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போய், அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் தண்ணீரில் தள்ளிவிட்டார். குடித்த உப்புநீரைத் துப்பிக்கொண்டே அவர்கள் நீந்தக் கற்றார்கள். எனக்கு எல்லை கணுக்கால். அதற்கு மேல் நனைந்தால் ஆயாவின் குரல் கேட்கும்: "பொட்டப் புள்ளைக்குக் கடல்ல என்னாடி வேலை? கரைக்கு வா."

கரையில் வேலை நிறைய இருந்தது. மீனை ஏலம் எடுப்பது, கூடையில் சுமப்பது, காய வைப்பது, தெருத்தெருவாக விற்பது எல்லாம் பெண்கள் வேலை. கடலின் வருமானம் முழுக்கப் பெண்கள் கை வழியாகத்தான் வீட்டுக்கு வந்தது. கடல் மட்டும் அவர்களுடையதாக இல்லை. நான் வரலாறு படித்து, வரலாறு கற்பிக்கும் வேலைக்கும் போனேன். ஆனாலும் இந்தக் கணுக்கால் எல்லையை வரலாறாக நினைத்துப் பார்க்க ரீயூனியன் தீவு வரை போக வேண்டியிருந்தது.

ரீயூனியன், மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு. எங்கள் தெருவில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட தோழி ஒருத்தி அங்கே இருக்கிறாள். ஒப்பந்தக் கூலிகளின் கப்பல்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த என்னை அவள்தான் அழைத்தாள். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், "வாடி, ஒரு எடத்தக் காட்டுறேன்" என்று மேற்குக் கரையில் உள்ள சேன்-லெ என்ற ஊருக்குக் கூட்டிப்போனாள்.

சேன்-லெயின் அலை அலைச்சறுக்குக்காரர்களிடையே உலகப் புகழ் பெற்றது. தெற்கே வெகு தொலைவில், கடும் புயல்கள் வீசும் கடலில் பிறக்கும் அலை, தடுப்பார் இல்லாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்து இந்தத் தீவின் பவளப்பாறையில் மோதுகிறது. ஆழத்திலிருந்து திடீரென்று ஆழமில்லாத இடத்துக்கு ஏறுவதால் அப்படியே எழுந்து நின்று, உள்ளே ஒரு குழல் விழும்படி சுருண்டு உடைகிறது. பலகையிலிருந்து தவறி விழுந்தால் கீழே மணல் கிடையாது. பாறைதான் இருக்கிறது, அது கத்தி மாதிரி கிழிக்கும்.

அதைவிடப் பெரிய பயம் சுறா. 2011 முதல் 2019 வரை இந்தத் தீவின் கடலில் சுறா தாக்கிப் பதினொரு பேர் இறந்தார்கள். 2013 ஜூலையில் கரையோரம் நீரில் இருந்த பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இறந்த பிறகு, பவளத்திட்டு காக்கும் அமைதியான நீரும் காவலுள்ள சில இடங்களும் தவிர மற்ற இடங்களில் நீந்துவதையும் அலைச்சறுக்கையும் அரசு தடை செய்தது. சுறா படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகள் இன்றும் கரையில் நிற்கின்றன.

அப்படி ஒரு பலகையைக் கடந்து ஒரு பெண் போனாள். பதினேழு, பதினெட்டு வயது இருக்கும். நம் நிறம், நம் முகம், பின்னிய சடை. கக்கத்தில் பலகை. ஆசுவாசமாகத் தண்ணீரில் இறங்கி, பலகையில் குப்புறப் படுத்து, கைகளால் துழாவிக்கொண்டு போனாள். வந்த அலைக்கு அடியில் பலகையோடு மூழ்கி அந்தப் பக்கம் எழுந்தாள். "மல்பார் பொண்ணு" என்றாள் தோழி. தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகளின் வழிவந்தவர்களை அங்கே மல்பார் என்கிறார்கள். அவர்களில் பலர் இன்று தமிழ் பேசுவதில்லை. ஆனால் தீ மிதிக்கிறார்கள். திரௌபதியம்மனைப் 'பாண்டியாலே' என்று கும்பிடுகிறார்கள்.

அந்தப் பெண்ணின் பாட்டிக்குப் பாட்டி எங்கள் கரையிலிருந்து புறப்பட்டவளாக இருக்கலாம். அவளும் ஓர் அலையைத் தாண்டித்தான் போனாள். அப்போது அவளிடம் பலகை இல்லை.

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கடற்கரை நேர்கோடாக, மணலாக, ஆழமில்லாமல் இருக்கிறது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலை வரிசை வரிசையாக உடையும். இதைத் தாண்டுவதற்கென்றே நம் ஆட்கள் ஒரு படகு கட்டினார்கள். பலகைகளை ஆணியால் அறையாமல் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். ஆணி அடித்த படகு அலை அடித்தால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். சென்னையில் ஆங்கிலேயர் இதை மசூலா என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நம் 'சலங்கு' என்ற சொல்லையே எடுத்து 'ஷெலாங்' என்றார்கள். அலையின் கணக்கு தெரிந்த படகோட்டிகள் ஒரு பெரிய அலை கடந்ததும் கிடைக்கும் இடைவெளியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு துடுப்புப் போடுவார்கள். கணக்குத் தவறினால் படகு கவிழும். சென்னைக் கரையில், கவிழ்ந்தவர்களைத் தூக்க என்றே கட்டுமரங்கள் பக்கத்தில் போவதுண்டு.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை 1739-இல் கைக்கொண்டார்கள். 1848 டிசம்பர் 20 அன்று ரீயூனியனில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைகளாயின. ஆள் கிடைத்தது தஞ்சை வயல்களிலிருந்து. பஞ்சமும் கடனும் பண்ணையாரின் சவுக்கும் துரத்த, நிலமற்ற சாதிகளைச் சேர்ந்தவர்கள் மேஸ்திரி சொன்னதை நம்பியோ, நம்பாமலோ, வேறு வழியில்லாமலோ ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள். ரீயூனியனுக்கு மட்டுமல்ல, அட்லாண்டிக் கடந்து மர்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் போனார்கள்.

1860-லும் 1861-லும் பிரான்சும் பிரிட்டனும் இந்த ஆள் ஏற்றுமதிக்கு உடன்படிக்கை செய்துகொண்டன. அதில் ஒரு விதி: ஏற்றப்படும் ஆண்களின் எண்ணிக்கையில் குறைந்தது நான்கில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். போகப்போக அந்தப் பங்கைக் கூட்டவும் வேண்டும். நூறு ஆணுக்கு இருபத்தைந்து பெண்.

மாணவியாக இதை முதலில் படித்தபோது, பெண்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். இது இட ஒதுக்கீடு அல்ல. ஆண்கள் மட்டும் அடைந்து கிடந்த குடியிருப்புகளில் சண்டையும் குழப்பமும் மிஞ்சும் என்ற பயத்தில், ஆண்களை அமைதியாக வைத்திருக்கும் பொருளாகத்தான் பெண்ணைக் கணக்கில் சேர்த்தார்கள். வேலைக்கும் அவள் வேண்டும், ஆனால் கூலி ஆணைவிடக் குறைவு. எண்ணிக்கை நிரம்பாவிட்டால் கப்பல் புறப்படாது. அதனால் மேஸ்திரிகளுக்குப் பெண்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். வீட்டில் இடமில்லாத விதவை, கணவன் கைவிட்டவள், அடி தாங்காமல் ஓடிவந்தவள். அவளை ஏமாற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. அவளே தப்பித்துப் போனாள் என்று இன்னொரு கதையும் உண்டு. இரண்டும் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் ஒரே நாளில் நடந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

வயலில் சேறு மிதித்த கால். கடலையே அன்றுதான் பார்த்திருப்பாள். சலங்கில் மற்ற பெண்களோடு நெருக்கியடித்து உட்கார வைத்திருப்பார்கள். முதல் அலையில் படகின் மூக்கு வானத்தைப் பார்த்து நின்றபோது எதைப் பிடித்துக்கொண்டாள்? இதை எந்தப் பதிவேடும் எழுதவில்லை. பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், அங்க அடையாளம் இவைதான் இருக்கும். அலையைப் பற்றி எழுத அதில் கட்டம் கிடையாது.

தீவில் இறங்கியவர்களை லா கிராந்த் ஷாலூப் என்ற இடத்தில் நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்தார்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் அந்தக் கல் கட்டடம் இப்போது நினைவிடம். அங்கேயும் போனேன். பின்னால் ஆண்களின் பெயர்கள் குடும்பப் பெயர்களாயின. ராமசாமி, முத்துசாமி எல்லாம் இன்று பிரெஞ்சு எழுத்தில் வாழ்கின்றன. அபூர்வமாக 'மினாச்சி' என்றும் ஒரு குடும்பப் பெயர் பிரெஞ்சுத் தீவுகளில் உண்டு. மீனாட்சிதான். அந்தப் பெயருக்குப் பின்னால் எங்கோ ஒரு பெண் இருந்திருக்கிறாள், தன் பெயரையே பிள்ளைகளுக்குக் கொடுத்தவளாக. 1882-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

சேன்-லெ கரையில் உட்கார்ந்திருந்தபோது தோழி இன்னொன்று சொன்னாள். ரீயூனியனில் வளர்ந்த ஜொஆன் தெஃபே, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கில் வெண்கலம் வென்றவர். அந்தப் போட்டி பாரிஸில் நடக்கவில்லை. பசிபிக் கடலில் தாஹிதித் தீவின் தெயாஹுபோவில் நடந்தது. உலகின் மிக ஆபத்தான அலைகளில் ஒன்று அது. உலகச் சுற்றுப் போட்டியில் பெண்களும் அங்கே சறுக்கிக்கொண்டிருந்தார்கள். 2006-க்குப் பிறகு, மிக ஆபத்து என்று பெண்கள் போட்டியை மட்டும் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். ஆண்கள் போட்டி நடந்துகொண்டே இருந்தது. பதினாறு ஆண்டு கழித்து, 2022-இல்தான் பெண்கள் திரும்பினார்கள்.

அலை ஒன்றுதான். ஒரு காலத்தில் ஒப்பந்தக் கணக்கு நிரம்ப வேண்டும் என்றபோது, பெண்ணை அலைக்குள் தள்ள யாருக்கும் தயக்கம் வரவில்லை. பரிசும் பெயரும் கிடைக்கும் என்ற இடத்தில் அவள் உயிர்மேல் அக்கறை பிறந்துவிடுகிறது. ஆபத்து என்ற சொல்லை யார், எப்போது, எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க அன்றுதான் கற்றேன்.

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரு தேதி இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணியளவில் ஆழிப்பேரலை வந்தபோது எங்கள் ஆண்களில் பலர் கடலில் இருந்தார்கள். ஆழ்கடலில் அந்த அலைக்கு உயரமில்லை. படகுக்கு அடியில் அது கடந்து போனதே பலருக்குத் தெரியவில்லை. பெண்கள் கூடையோடு கரையில் காத்திருந்தார்கள். பாதுகாப்பான இடம் என்று எங்களுக்குச் சொல்லப்பட்ட அதே கரையில்.

அப்போது காரைக்காலைச் சூழ்ந்திருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தின் கணக்கை ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. இறந்த பெண்கள் 2,406. ஆண்கள் 1,883. கடலூர் மாவட்டத்தில் பெண்கள் 391, ஆண்கள் 146. குழந்தைகளை விட்டு ஓட மாட்டாமல் நின்றதும் ஒரு காரணம். நீந்தவும் மரம் ஏறவும் பழகாததும் ஒரு காரணம். ஓடும் காலை ஈரச் சேலை கட்டிப்போட்டது. அந்த அலையில் நீச்சல் தெரிந்த எல்லோரும் பிழைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இடிந்த சுவரும் மரமும் படகும் சேர்ந்து உருண்டு வந்த தண்ணீர் அது. ஆனால் தண்ணீரில் விழுந்தால் கைகாலை என்ன செய்வது என்றுகூட எங்களில் யாருக்கும் சொல்லித்தரப்படவில்லை. என் அத்தை அன்று இறந்தாள். முப்பது வருஷம் கடல் மீன் விற்றவள், கணுக்காலுக்கு மேல் கடலில் நனையாதவள்.

காரைக்கால் என்றதும் எல்லோருக்கும் அம்மையார் நினைவு வரும். மாங்கனித் திருவிழாவில் ஊரே கூடுகிறது. புனிதவதி வணிகர் குலத்துப் பெண். கணவன் கப்பலேறி வாணிகம் செய்யப் போய், பாண்டிய நாட்டில் வேறொரு பெண்ணை மணந்து தங்கிவிட்டான். அவனுக்குக் கடல் வழி திறந்திருந்தது. அவளுக்கு இருந்தது தரைவழி. அழகை உதிர்த்து, பேயுருவம் கேட்டு வாங்கி, கயிலைக்குத் தலையாலேயே நடந்தாள். சிறு வயதில் அதைப் பக்தியாக மட்டும் கேட்டேன். இப்போது கேட்கும்போது, மூடிய வழிகளுக்கு நடுவே தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தவளின் கதையாகவும் கேட்கிறது.

ஊர் திரும்பியதும் செல்பேசியில் எடுத்த படத்தை அண்ணன் மகளிடம் காட்டினேன். பன்னிரண்டு வயது அவளுக்கு. அலைக்கு அடியில் மூழ்கி எழுந்த அந்த மல்பார் பெண்ணை வெகுநேரம் பார்த்தாள்.

"அத்தை, இந்த அக்கா நம்ம ஊரா?"

"நம்ம ஊர்லேர்ந்து போனவங்க வழியா இருக்கலாம்."

"அப்ப நான் ஏன் அலைக்கு அந்தப் பக்கம் போவக்கூடாது?"

அண்ணன் வலை பின்னிக்கொண்டிருந்தார். ஆயா இப்போது இல்லை, பதில் சொல்ல. அண்ணன் கொஞ்ச நேரம் நூலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மொதல்ல கொளத்துல கத்துக்கட்டும்" என்றார். அவரும் தன் அத்தையை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் புதைத்தார்.

இப்போது விடியற்காலையில் நாங்கள் இருவரும் குளத்துக்குப் போகிறோம். எனக்கு நாற்பத்தெட்டு வயது. சுடிதாரோடு இறங்கும் என்னைப் பார்த்துப் படித்துறையில் சிலர் சிரிக்கிறார்கள். அவள் பத்தே நாளில் மிதக்கக் கற்றுக்கொண்டாள். நான் இன்னும் படிக்கட்டை விடவில்லை. நேற்று ஒரு கையை எடுத்தேன்.