இளநிலை உயிரியல் பட்டத்தில் களப்பணியின் இடம்: சேர்வராயன் மலையை முன்வைத்து

பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட இளநிலைப் படிப்புக்கான கிரெடிட் சட்டகம், வகுப்பறையில் 15 மணி நேரம் பாடம் கேட்பதை ஒரு கிரெடிட்டாகக் கணக்கிடுகிறது. ஆய்வகத்திலோ களத்திலோ அதே ஒரு கிரெடிட்டைப் பெற 30 மணி நேரம் செலவிட வேண்டும். பல துறைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தலாம். தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் இது பொருந்தாது. அவற்றின் பாடப்பொருள் கட்டடத்துக்கு வெளியே உயிரோடு இருக்கிறது. அதை நேரில் பார்க்கும் மணிக்குப் பாதி மதிப்பு என்று விதிக்கும்போது, எது முக்கியம் என்பதை மாணவருக்கும் ஆசிரியருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. தாவரவியலோ விலங்கியலோ படிப்பவருக்குப் பட்டத்தின் கட்டமைப்பு பழக்கமானது. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மைப் பாடங்களும் துணைப்பாடங்களும், பிறகு சுற்றுச்சூழல் கல்வி, விரிவாக்கப் பணி. எல்லாம் சேர்ந்து மூன்றாண்டில் 140 கிரெடிட். இதில் களம் பெரும்பாலும் ஒரு கல்விச் சுற்றுலாவாகவும் அதைப் பற்றிய அறிக்கையாகவும் சுருங்கிவிடுகிறது. பேருந்தில் போய், படம் எடுத்து, ஊர் திரும்பி, போன வருடத்து ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி முடிப்பது நாம் அறியாததல்ல. என் வாதம் இதுதான்: களப்பணி தனி மதிப்பெண்ணுள்ள கட்டாயத் தாளாக வேண்டும், அது பல இடங்களுக்கு ஒருமுறை போவதாக இல்லாமல், அருகிலுள்ள ஓரிடத்துக்கே பருவம்தோறும் போவதாக அமைய வேண்டும்.

இது புதிய கோரிக்கையும் அன்று. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, சுற்றுச்சூழல் கல்வி எல்லா இளநிலை மாணவருக்கும் கட்டாயமானது. அதற்காக மானியக் குழு வகுத்த 50 மணி நேரப் பாடத்திட்டத்தில் 5 மணி நேரம் களப்பணிக்கு ஒதுக்கப்பட்டது. நூற்றில் 25 மதிப்பெண்ணும் அதற்கே. குளம், ஆறு, மலைச்சரிவு ஆகியவற்றை நேரில் ஆராய வேண்டும் என்று அதில் எழுதியே இருக்கிறது. வணிகவியல் மாணவர் மலைச்சரிவைப் பார்க்க வேண்டும் என்று ஒத்துக்கொண்ட நாம், தாவரவியல் மாணவருக்கு அதைவிடக் கூடுதலாக ஏன் கேட்கக் கூடாது?

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அவற்றுள் சேலத்துக் கல்லூரிகளுக்கு வாய்த்ததுபோன்ற ஆய்வுக்கூடம் எளிதில் வாய்ப்பதில்லை. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேர்வராயன் மலைமேலுள்ள ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டரில். இடையே முப்பது கிலோமீட்டர் சாலை, இருபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் உசிலும் முள்மரங்களும் நிறைந்த புதர்க்காடு. நடுவே இலையுதிர் காடு. மேலே காப்பித் தோட்டமும் எஞ்சியிருக்கும் சோலைத் துண்டுகளும். உயரம் கூடக் கூட வெப்பம் குறைந்து தாவரக்கூட்டம் மாறுவது சூழலியல் புத்தகத்தில் ஒரு வரைபடம். அரசுப் பேருந்தின் ஜன்னலோரத்தில் அதுவே ஒரு மணி நேரத்துப் பயணம்.

மேலே போனதும் ஒரு காப்பி இலையைத் திருப்பிப் பார்க்கட்டும். மேற்புறத்தில் மங்கிய மஞ்சள் புள்ளி. அடிப்புறத்தில் அதே இடத்தில் விரலில் ஒட்டும் ஆரஞ்சு நிறப் பொடி. அந்தப் பொடியைக் கண்ணாடித் தகட்டில் தட்டி நுண்ணோக்கியில் வைத்தால் சிறுநீரக வடிவ வித்துகள் தெரியும்: முதுகுப்பக்கம் முட்கள், வயிற்றுப்பக்கம் வழவழப்பு. இந்தப் பூஞ்சையின் ஹெமிலியா என்ற பேரினப் பெயருக்கே பாதி வழவழப்பானது என்றுதான் பொருள். 1869இல் இலங்கையில் தென்பட்டு, அங்கிருந்த காப்பித் தொழிலையே அழித்த இலைத்துரு நோய் இது. தாவரவியலாளர் மார்ஷல் வார்டு 1880 முதல் 1882 வரை அங்கே தங்கி இதன் வாழ்க்கைச் சுழற்சியை ஆராய்ந்தார். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் ஊர்களிலிருந்து கப்பலேறிய தமிழர்கள். பூஞ்சையியல், தாவர நோயியல், பொருளாதாரத் தாவரவியல் என்று மூன்று தாள்களாகப் பிரித்து நடத்துவதை ஓர் இலை சேர்த்துக் காட்டிவிடுகிறது. இந்த மலைக்குக் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் என்பதையும் அங்கேயே சொல்லலாம்.

விலங்கியலுக்கும் இங்கே வேலை உண்டு. விலங்குகளை அறுத்துப் பார்ப்பதை மானியக் குழு 2014இல் நிறுத்தியது சரியான முடிவு. ஆனால் காலியான அந்தச் செய்முறை நேரத்தை மாதிரிகளும் படங்களும் நிரப்பியதே மிகுதி. உயிருள்ள விலங்கிடம் மாணவரை அனுப்பியிருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு வெயில் படும் அராபிகாக் காப்பித் தண்டின் பட்டை வெடிப்பில் முட்டையிடுகிறது. சில்வர் ஓக் நிழலிலுள்ள செடியையும் வெட்டவெளியிலுள்ள செடியையும் எண்ணி ஒப்பிட்டால் ஒரு நல்ல இளநிலை ஆய்வு தயார்.

இதற்கு இடையூறாக நிற்பது நம் நாட்காட்டி. கோடை மழை விழுந்து பத்து நாளில், மார்ச்சிலோ ஏப்ரலிலோ, காப்பி வெள்ளை வெளேரென்று பூத்து இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். அது செமஸ்டர் தேர்வுக்குத் தயாராகும் காலம். சுற்றுலாவோ விடுமுறையை ஒட்டி அமைகிறது. பூக்காத செடியை வைத்து வகைப்பாட்டியல் சொல்லித்தருவது கடினம். ஆகவே ஆகஸ்டு, டிசம்பர், மார்ச் என்று மூன்று ஒருநாள் பயணங்கள் ஐந்து நாள் சுற்றுலாவைவிடப் பயன் தரும், செலவும் குறைவு. இரவு தங்க வேண்டியதில்லை என்பதால் மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரிடமும் பேச முடியும். வார இறுதியில் வேலைக்குப் போய்ப் படிக்கும் மாணவர்கள் பலர் என்பதால், பயணம் வேலைநாளில் அமைவதே நியாயம்.

உலர்தாவரத் தாள் சமர்ப்பிக்க வேண்டும் என்ற விதியையும் நான் மாற்றச் சொல்வேன். வெர்னோனியா சேர்வராயென்சிஸ் இந்த மலையின் பெயரையே தாங்கிய, அழியும் நிலையிலுள்ள மரம். சூரியகாந்திக் குடும்பத்தில் மரம் உண்டா என்று கேட்கும் மாணவர் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், பறிக்கக் கூடாது. நாற்பது பேர் நாற்பது கிளை ஒடிப்பதற்குப் பதிலாக, பொதுவாகக் காணப்படும் செடிகளில் வனத்துறை அனுமதியோடு வகுப்புக்கு ஒரு தாள் செய்து கல்லூரியிலேயே வைக்கலாம். திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகம் இதற்கு முன்மாதிரி. அங்கிருந்து கே.எம். மேத்யூ உருவாக்கிய தமிழ்நாட்டுக் கர்நாடகத் தாவரத் தொகுதியில் சேர்வராயன் மலையும் அடங்கும். அவருக்கு முன்பே, சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய பைசன் 1932இல் வெளியிட்ட மலைவாசத்தலத் தாவர நூலில் ஏற்காட்டையும் சேர்த்திருந்தார். இருவரும் கல்லூரியைச் சார்ந்து, திரும்பத் திரும்ப மலையேறி எழுதியவர்கள்.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். மேகாலயாவின் குடுவைத் தாவரத்தை அங்கே காண்பது நல்லதுதான். ஆனால் பெயர்ப்பலகை மாட்டிய செடியை அடையாளம் காண்பதற்கும், பலகை இல்லாத மலைச்சரிவில் அடையாளம் காண்பதற்கும் தேர்வு ஒன்றல்ல. முதலாண்டில் தோட்டத்தில் தொடங்கி, மூன்றாமாண்டில் சரிவில் முடிக்கலாம்.

உண்மையான தடை ஆசிரியரின் நேரம். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரக் கற்பித்தல் என்பது விதி. விடியற்காலையில் மாணவரைக் கூட்டி மலையேறி, இருட்டியபின் ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பும் நாளை அந்த 16இல் முழுதாக எழுத வழி வேண்டும். மாணவருக்கும் அந்த நாளின் ஒவ்வொரு மணியும் வகுப்பறை மணிக்கு இணையாகக் கிரெடிட் பெற வேண்டும். பாடத்திட்டக் குழு இவ்விரு திருத்தங்களிலிருந்தே தொடங்கலாம். வருகிற ஆகஸ்டிலேயே முதல் பேருந்தை ஏற்காட்டுக்கு அனுப்பலாம்.