வாசா மரக்கலமும் அதன் மாதிரியும்

கப்பலே கண்முன் நிற்கையில் அதற்கொரு மாதிரி எதற்கு? சுவீடன் நாட்டுத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில், வாசா அருங்காட்சியகத்தைக் காண்போர்க்கு இவ்வையம் எழுதல் இயல்பே. அங்கே பழைய போர்க்கப்பலும், பத்தில் ஒரு பங்கு அளவில் மரத்தாற் செய்த அதன் மாதிரியும் ஒருங்கே வைக்கப்பட்டுள்ளன.

வாசா, மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ப் கட்டுவித்த பாய்க்கப்பல். 64 பீரங்கிகளைத் தாங்கிய அது, 1628 ஆகஸ்டு 10ஆம் நாள் முதற்பயணம் புறப்பட்டு, ஏறத்தாழ 1,300 மீட்டர் சென்றதும் காற்றிற் சாய்ந்து மூழ்கியது. மேற்பகுதி அளவிறந்து கனத்திருந்தமையே காரணம். 1961 ஏப்ரல் 24ஆம் நாள் அது மீண்டும் நீர்மட்டத்திற்கு மேல் எழுந்தது.

333 ஆண்டுகள் நீருள் கிடந்தும் மரம் நிலைத்தது, வண்ணம் நிலைக்கவில்லை. பத்துப் பாய்களுள், விரிக்காமல் உள்ளே வைத்திருந்த ஆறே எஞ்சின. கப்பல் இழந்த இவற்றை மாதிரியே காட்டுகிறது. பின்புறச் சிற்பங்களின் பின்னணி நீலம் என்றே முதலில் கருதினர். மரத்தில் ஒட்டியிருந்த வண்ணத் துகள்களை நுணுகி ஆராய்ந்தபின் சிவப்பு எனத் தெளிந்தனர். மாதிரியும் செந்நிறம் பூண்டது.

அளவிலும் சிக்கல் உண்டு. அக்காலத் தச்சர் வரைபடமின்றி, மரபுவழி விகிதங்களைக் கொண்டே கட்டினர். கப்பலுட் கிடைத்த நான்கு அளவுகோல்களுள் இரண்டு, 12 அங்குலம் கொண்ட சுவீடன் அடியைச் சார்ந்தவை. மற்ற இரண்டு, 11 அங்குலம் கொண்ட ஆம்ஸ்டர்டாம் அடியைச் சார்ந்தவை. கப்பலின் இருபுறமும் ஒத்தில்லாமையும் அளந்தறியப்பட்டது. இருபுறமும் ஒன்றுபோல் இழைத்த மாதிரி அழகுடைத்து, ஆனால் மெய்யன்று.

செல்லரித்த ஏட்டைப் பதிப்பிக்கும் புலவர், கிடைத்த எழுத்தை மாற்றாது, சிதைந்த இடத்தைச் சான்றுகொண்டே நிரப்புவார். மாதிரி செய்யும் தச்சர்க்கும் அந்நெறியே உரியது.