விளக்கேந்திய சீமாட்டி

எமது பாலர் வகுப்புப் புத்தகங்களில் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் கையில் விளக்குடனேயே நின்றார். கிரிமியப் போர்க்காலத்தில், 1854 நவம்பரில், 38 தாதியருடன் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குச் சென்ற அவர் இரவில் நோயாளரைப் பார்வையிட்டது உண்மையே. மின்சாரம் இல்லாத அக்காலத்தில் இரவுக் கடமைக்குச் செல்லும் எவருக்கும் விளக்கு வேண்டும். 1855 பெப்ரவரியில் லண்டன் சித்திரப் பத்திரிகையொன்று அக்காட்சியை வரைந்து வெளியிட்டது. 1857இல் அமெரிக்கக் கவிஞர் லோங்ஃபெலோ அதைப் பாடினார். பின்வந்த கலைஞர் பலர், அவர் ஏந்திய துருக்கிய மடிப்பு விளக்குக்குப் பதிலாகப் பண்டைய கிரேக்க எண்ணெய் விளக்கொன்றைக் கொடுத்தனர். அன்றாடக் கடமை காவியமாயிற்று.

அந்த ஒளியில் மறைந்துபோனது அவரது கணக்கு. காயங்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களாலேயே படையினர் கூடுதலாக இறந்தனர் என்பதை 1858இல் வட்ட வரைபடங்கள் மூலம் அவர் காட்டினார். லண்டன் புள்ளிவிபரச் சங்கத்தின் முதற் பெண் உறுப்பினரும் அவரே. வடிகால், சுத்தமான நீர், காற்றோட்டம் பற்றி அவர் அரசிடம் வாதாடியது அந்த எண்களைக் கொண்டுதான். வைத்தியராகிய எனக்கு விளக்கைவிட அவையே பெரிதாகத் தெரிகின்றன.

பெண்ணின் பரிவைப் பாடும் கதை அவளது அறிவை எளிதில் விட்டுவிடுகிறது. நூற்றாண்டு காணும் எமது கல்லூரியின் ஆசிரியைகளைப் பற்றியும் கதைகள் பல வழங்குகின்றன. சகோதரிகளே, அவர்களது கனிவை எழுதும்போது, அவர்கள் கற்பித்த கணிதத்தையும் இரசாயனத்தையும் சேர்த்தே எழுதுவோம்.