வெண்ணிப் பறந்தலையும் பேர்ண் மைதானமும்



உயர்தர வகுப்பிலே புறநானூற்றின் 66ஆவது பாடலைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். வெண்ணிப் பறந்தலையில் கரிகாற் சோழன் வென்றான். தோல்வியுற்ற சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகிற்பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். வெண்ணிக் குயத்தியார் என்னும் புலவர், தோற்றவனின் பெருமையை வென்றவனின் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, கல்லூரி உதைபந்தாட்ட அணியில் விளையாடும் மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், வெண்டவன்ர பேரைத்தானே கிண்ணத்தில எழுதுறாங்கள். தோத்தவனுக்கு ஏன் பாட்டு?" என்று கேட்டான்.

உரையாசிரியர்களின் துணைகொண்டு அவனுக்கு விடை கூறியிருக்கலாம். ஆனால், அவன் அறிந்த துறையிலிருந்தே விடை கூற விரும்பினேன். அதனால் ஹங்கேரி நாட்டு உதைபந்தாட்ட அணியின் கதையைச் சொன்னேன். அதையே இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

மத்திய ஐரோப்பாவில் டான்யூப் நதி ஓடும் சிறிய நாடு ஹங்கேரி. 1938ஆம் ஆண்டிலேயே அது உலகக் கிண்ண இறுதிப் போட்டிவரை சென்று, பாரிஸ் நகரில் இத்தாலியிடம் 2-4 என்ற கணக்கில் தோற்றது. ஆயினும் அதன் பொற்காலம் உலகப் போருக்குப் பின்னரே உதயமாயிற்று. 1950 மே மாதத்தில் ஒஸ்ரியாவிடம் தோற்ற அணி, அதன்பின் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக எந்த அதிகாரபூர்வ சர்வதேசப் போட்டியிலும் தோற்கவில்லை. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் யூகோஸ்லாவியாவை 2-0 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. "தங்க அணி" என்றே நாட்டு மக்கள் அதனை அழைத்தனர்.

அந்த அணியின் தலைவர் பெரென்ஸ் புஷ்காஷ். உருவத்தில் குள்ளமானவர், இடது காலில் மாயம் வைத்திருந்தவர். தலையால் கோல் போடுவதில் நிகரற்றவர் ஷண்டோர் கொச்சிஷ். இவர்களுக்குப் பின்னால் நின்று ஆடியவர் நாண்டோர் ஹிதெக்குற்றி. ஒன்பதாம் இலக்கச் சட்டை அணிந்தவர் எதிரணியின் கோலுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது அக்கால வழக்கம். ஹிதெக்குற்றியோ மைதானத்தின் நடுப்பகுதிக்குப் பின்வாங்கி நின்றார். அவரைக் காவல் செய்ய வேண்டியவர் அவரைத் தொடர்ந்து போவதா, தன் இடத்திலேயே நிற்பதா என்று தடுமாற, அந்த இடைவெளியில் மற்றவர்கள் புகுந்தார்கள்.

1953 நவம்பர் 25ஆம் திகதி இலண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்து இதனை அனுபவித்து அறிந்தது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியேயிருந்து வந்த எந்த அணியும் அதுவரை இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றதில்லை. முதல் நிமிடத்திலேயே ஹிதெக்குற்றி கோல் போட்டார். முடிவில் ஹங்கேரி 6, இங்கிலாந்து 3. தற்செயலாக நேர்ந்தது என்று சிலர் ஆறுதல் கொண்டிருக்கலாம். அடுத்த ஆண்டு மே மாதம் புடாபெஸ்ட் நகரில் 7-1 என ஹங்கேரி மீண்டும் வென்றது. இங்கிலாந்தின் வரலாற்றில் இன்றுவரை அதுவே மிகப் பெரிய தோல்வி.

1954இல் சுவிற்சர்லாந்தில் உலகக் கிண்ணப் போட்டி. ஹங்கேரி முதலில் தென்கொரியாவை 9-0 எனவும், அடுத்து மேற்கு ஜேர்மனியை 8-3 எனவும் வென்றது. தோற்றால் துருக்கியுடன் மறுபடியும் மோதி முன்னேற வாய்ப்புண்டு என்பதைக் கணக்கிட்ட ஜேர்மன் பயிற்றுநர் செப் ஹேர்பேர்கர், அன்று தமது முதன்மை வீரர்கள் பலருக்கு ஓய்வளித்திருந்தார். அந்த ஆட்டத்தில் புஷ்காஷின் கணுக்கால் காயமுற்றது. காலிறுதியில் பிரேசிலை 4-2 என வென்ற ஆட்டம் அடிதடியாக முடிந்தது. அரையிறுதியில், உலகக் கிண்ணத்தில் அதுவரை தோல்வியே காணாத உருகுவேயை மேலதிக நேரத்தில் 4-2 என வென்றது. இவ்விரு ஆட்டங்களிலும் தலைவன் இல்லை. வெற்றி இருந்தது, களைப்பும் இருந்தது.

யூலை 4ஆம் திகதி, பேர்ண் நகரின் வாங்டோர்ஃப் மைதானத்தில் இறுதிப் போட்டி. மழை கொட்டியது. எதிரே நின்றது மீண்டும் மேற்கு ஜேர்மனி. முழுதும் குணமாகாத காலுடன் புஷ்காஷ் களமிறங்கினார். எட்டு நிமிடங்களில் ஹங்கேரி 2-0. பதினெட்டாவது நிமிடத்தில் 2-2. அதன்பின் ஹங்கேரியரின் பந்து கோல் கம்பங்களில் பட்டுத் திரும்பியது. ஜேர்மன் கோல் காப்பாளர் ரோனி ரூறெக் வந்ததையெல்லாம் தடுத்தார். 84ஆவது நிமிடத்தில் ஹெல்முட் ரான் ஜேர்மனியின் மூன்றாவது கோலைப் போட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் புஷ்காஷ் பந்தை வலைக்குள் செலுத்தினார். எல்லைக்கோட்டு மத்தியஸ்தரின் கொடி உயர்ந்தது. ஓஃப்சைட். கோல் மறுக்கப்பட்டது.

நேயர்களே, அன்று அந்த ஆட்டத்தைக் கண்ணால் கண்டோரைவிடக் காதால் கண்டோரே அதிகம். ஜேர்மன் வானொலியில் ஹேர்பேர்ட் சிம்மர்மன் ஆனந்தத்தில் அலறினார். ஹங்கேரியில் ஒலித்த குரல் ஜோர்ஜ் செபெஷியினுடையது. அணியின் பன்னிரண்டாவது வீரர் என்று மக்கள் போற்றிய அறிவிப்பாளர் அவர். ஒரே கோல் ஒரு நாட்டு வீடுகளில் கொண்டாட்டமாகவும், மற்ற நாட்டு வீடுகளில் இழவாகவும் அதே கணத்தில் புகுந்தது.

மழைக்கேற்ற புதுவகைக் காலணிகள் ஜேர்மனியருக்கு உதவின என்பர். மத்தியஸ்தரைக் குறை கூறுவோரும் உளர். ஆனால், இரண்டு கோல் பின்னின்று மீண்டு வந்தவர்களின் திடத்தை மறுப்பது நேர்மையாகாது. சோழன் வெற்றியும் வெற்றிதான்.

என் மாணவனுக்கு நான் சொல்ல விரும்பியது இதற்குப் பின் நடந்ததை. அணியின் வெற்றிகளையெல்லாம் தன் வெற்றியாகப் பறைசாற்றிய ஹங்கேரிய அரசு, தோல்வியை மட்டும் வீரர்களின் தலையில் சுமத்தியது. புடாபெஸ்ட் தெருக்களில் கூடிய மக்களின் ஆத்திரம் அதற்கு அச்சமூட்டியது. கோல் காப்பாளர் ஜூலா குரோசிச் தேசத்துரோகக் குற்றச்சாட்டின்பேரில் விசாரிக்கப்பட்டார். குற்றத்தை நிறுவ முடியவில்லை. ஆயினும், தலைநகரிலிருந்து விலக்கி ஒரு சுரங்கத் தொழில் நகரின் கழகத்துக்கு அனுப்பினார்கள். சேரமான் தானே நாணித் தானே வடக்கிருந்தான். இங்கோ வீரர்கள் நாணவேண்டும் என்று ஆட்சி கட்டளையிட்டது. நாணுவது வீரனின் உரிமை. நாணச் செய்வது அரசின் உரிமையல்ல.

1956 ஒக்ரோபரில் ஹங்கேரியில் மக்கள் எழுச்சி வெடித்தது. சோவியத் டாங்கிகள் அதனை நசுக்கின. அவ்வேளையில் வெளிநாட்டில் விளையாடப் போயிருந்த புஷ்காஷ், கொச்சிஷ், சிபோர் மூவரும் நாடு திரும்பவில்லை. புஷ்காஷ் ரியல் மட்ரிட் கழகத்திலும், மற்ற இருவரும் பார்சிலோனாவிலும் சேர்ந்தனர். 1961இல் ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டி, அதே பேர்ண் மைதானத்தில் நடந்தது. பார்சிலோனாவுக்காகக் கொச்சிஷும் சிபோரும் ஆளுக்கொரு கோல் போட்டனர். ஆயினும் பென்ஃபிக்கா கழகம் வென்றது. கணக்கு அதே 3-2.

ஹங்கேரி அத்தோடு அழிந்துவிடவில்லை. 1964, 1968 ஒலிம்பிக் தங்கங்கள் அதற்கே. 1966இல் பிரேசிலை 3-1 என வென்றது. 1982இல் எல்சல்வடோரை 10-1 என வென்றது. உலகக் கிண்ண இறுதிச் சுற்றில் ஓர் ஆட்டத்தில் பத்துக் கோல் கண்ட அணி இன்றுவரை அது ஒன்றே. ஆனால் 1986இல் சோவியத் அணியிடம் 0-6 எனச் சரிந்தபின், உலகக் கிண்ணத்தின் இறுதிச் சுற்றை அது எட்டவேயில்லை. 2016, 2020, 2024 ஐரோப்பியக் கிண்ணங்களுக்குத் தகுதி பெற்றுச் சற்றே தலை நிமிர்ந்தது. 2025 நவம்பரில் புடாபெஸ்டில் அயர்லாந்திடம் கடைசி நேரத்தில் 2-3 எனத் தோற்று, 2026 உலகக் கிண்ண வாய்ப்பையும் இழந்தது.

புஷ்காஷ் 1981இல்தான் தாய்மண்ணை மீண்டும் மிதித்தார். 2006இல் புடாபெஸ்டிலேயே கண்மூடினார். இன்று அந்நாட்டின் தேசிய மைதானம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. வீரர்களை விசாரித்த அதிகாரிகளின் பெயரில் எந்த மைதானமும் இல்லை.

இவ்வளவையும் கேட்டபின் மாணவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், "அந்தக் கோல் காப்பாளர் பிறகு விளையாடினவரா, சேர்?" என்று கேட்டான். 1958இலும் 1962இலும் உலகக் கிண்ணத்தில் ஹங்கேரியின் கோலை அவரே காத்தார் என்றேன். அவன் முகம் மலர்ந்தது. கிண்ணத்தில் யார் பெயர் இருக்கிறது என்று அவன் பிறகு கேட்கவில்லை. வெண்ணிக் குயத்தியார் பாடலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.